செங்கல் உத்திரம் பாரம் தாங்கும் விதம்

நேயர்களுக்கு வணக்கம். லாரியில் செங்கல் ஏற்றுகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். நாலைந்து கல்லை வரிசையாகச் சேர்த்து, இரண்டு முனையிலும் உள்ளங்கையால் நெருக்கி, அப்படியே தூக்கிவிடுவார்கள். நடுக்கல்லை யாரும் பிடிக்கவில்லை, ஆனாலும் விழாது. முன்னழுத்தம் கொடுத்த செங்கல் உத்திரமும் இதே மாதிரிதான் நிற்கிறது.

செங்கல் கட்டு நெருக்கினால் நன்றாகத் தாங்கும். இழுத்தால் சாந்து இணைப்பில் விட்டுவிடும். உத்திரத்தில் பாரம் ஏறும்போது அடிப்பக்கம் இழுபடுகிறது. அதனால் அடிப்பக்கத்தை ஒட்டி எஃகுக் கம்பியைச் செலுத்தி, ஜாக்கியால் இழுத்து, இரு முனையிலும் பூட்டிவிடுகிறோம். பாரம் வருவதற்கு முன்பே அந்தப் பக்கம் நெருக்கத்தில் இருக்கும். இதைத்தான் முன்னழுத்தம் என்கிறோம்.

சரி, இப்போது பாரம் ஏற்றுவோம். முதலில் அந்த நெருக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அதுவரை விரிசல் கிடையாது. அதையும் தாண்டினால் நடுவில் ஒரு சாந்து இணைப்பு மயிரிழையாகத் திறக்கும். பாரத்தை இறக்குங்கள், கம்பியின் இழுப்பில் அந்த விரிசல் மூடிக்கொள்ளும்! இதை நேரில் பார்த்தால் செங்கல்மேல் தனி மதிப்பே வந்துவிடும். விடாமல் ஏற்றினால் விரிசல் மேலேறி, தொய்வு வேகமாகக் கூடி, கடைசியில் மேல்வரிசைக் கல் நொறுங்கும். அதற்காக முன்னழுத்தத்தை அள்ளிக் கொடுக்கவும் கூடாது. அளவு மீறினால் அறிகுறி காட்டாமலே கல் நொறுங்கிவிடும்.

இன்னொன்று: சுவரில் கல்லின்மேல் பாரம் மேலிருந்து இறங்குகிறது, உத்திரத்திலோ நெருக்கம் கிடைமட்டமாக வருகிறது. துளையுள்ள கல் பல நேரம் அந்தத் திசையில் வலு குறைந்தது. சுவருக்குச் சோதித்த கணக்கை உத்திரத்துக்கு அப்படியே எடுப்பது ஆபத்து.

சாதாரணக் கம்பியும் உதவாது. காலப்போக்கில் கட்டு சற்றுக் குறுகும், கம்பியின் இழுப்பும் தளரும். மிக உறுதியான எஃகை நிறைய இழுத்து வைத்தால்தான் போனது போக மிச்சம் நிற்கும். 1928-இல் முன்னழுத்த முறைக்குக் காப்புரிமை பெற்ற பிரெஞ்சுப் பொறியாளர் யூஜின் ஃப்ரெய்சினே கான்கிரீட்டில் கண்டதும் இதுதான்.

செங்கல்லில் இதைத் துணிந்து செய்தவர் உருகுவே நாட்டின் எலாதியோ தியெஸ்தே. சால்தோ நகரப் பேருந்து நிலையத்தில் நடுவே ஒரே வரிசைத் தூண்கள். மெல்லிய செங்கல் வளைகூரை இருபுறமும் சுமார் 12 மீட்டர் நீண்டு நிற்கிறது. முனைகளில் தாங்கல் இல்லாததால் அங்கே இழுபடுவது மேல்பக்கம். ஆகவே கம்பியை வளையமாகக் கூரையின் உச்சியில் கிடத்தி, வளையத்தின் நடுவை எளிய ஜாக்கியால் கிள்ளி நெருக்கினார். கம்பி இழுபட்டு இறுகியதும் மேலே காரை பூசி மூடிவிட்டார்.