தனிமரம் தோப்பாகாது

விழாத் தலைவர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவி அவர்களே, கூட்டத்துக்காகத் தன் வீட்டு வளவையே திறந்துவிட்ட ஆச்சி அவர்களே, பிரான்மலை அடிவாரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். நம் விழாத் தலைவர் முன்னின்று ஊருணியைத் தூர்வாரியதை எத்தனை தடவை பாராட்டினாலும் தகும்.

மலையூர்களின் பிழைப்பைப் பற்றிப் பயிர், சாலை, கைத்தொழில் என்று மூன்று விஷயம் பேச வந்தேன். தனிமரம் தோப்பாகாது. ஒன்றையே நம்பினால் பிழைப்பு நிலைக்காது; மூன்றுக்கும் அதுதான் அடிப்படை.

திண்டுக்கல் பக்கம் சிறுமலை இருக்கிறதே, அங்கே ஒரு பெரியவர் என்னைத் திண்ணையில் உட்காரவைத்து, வாழைப்பழம் உரித்துக் கொடுத்தார். சின்னப் பழம்; அப்படி ஒரு மணம்! "சாப்பிடுங்க, அப்புறம் பேசலாம்" என்றார். அந்தக் காலத்தில் குதிரை முதுகில் தார் தாராக இறங்குமாம். கல்யாணம், காதுகுத்து எல்லாம் வாழைக் காசில்தான். அப்புறம் முடிக்கொத்து நோய் வந்தது. அசுவினிப் பூச்சி பரப்புகிற நோய். நோய் கண்ட மரத்தை வெட்டி அழிப்பதைத் தவிர வழியில்லை. தோட்டம் தோட்டமாகப் போயிற்று. "காபி, மிளகு ஊடே வச்சிருந்தவன் தப்பிச்சான். நான் வாழையை மட்டும் நம்பினேன்" என்று சொல்லிவிட்டு, இன்னொரு பழத்தை என் கையில் வைத்தார். இன்று சிறுமலை வாழைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அந்தப் பெருமை அன்று போன தோட்டத்தைத் திருப்பித் தருமா?

நமக்கும் இது புதிதில்லை. பர்மாவில் நம் செட்டிநாட்டு முன்னோர் நெல் நிலத்தை ஈடாக வாங்கிக் கடன் கொடுத்தார்கள். 1930-களில் நெல் விலை சரிந்ததும் பணமாக வரவேண்டியது நிலமாக வந்தது. 1942-ல் ஜப்பான் படை நுழைந்தபோது அதையும் விட்டு ஓடிவந்தோம். தனிமரம் தோப்பாகாது என்று நம்மைவிடப் பட்டறிந்தவர் யார்?

சாலையைப் பற்றி அடுத்துப் பேசுபவர் விரிவாகச் சொல்வார்.

சரி, கைத்தொழில். மானாவாரி நிலத்தில் மழை பொய்த்தால் அடிவாரத்துப் பெண்களுக்கு என்ன வேலை? பனங்குருத்தோலையை வெயிலில் காயவைத்துக் கிழித்து, சாயம் ஏற்றிப் பின்னினால் கொட்டான் என்னும் கூடை. நம் ஆச்சிமார் சீர் வைத்த கொட்டான்! அதற்கும் புவிசார் குறியீடு உண்டு. ஆனால் நம் கல்யாணங்களில் பிளாஸ்டிக் பையில் தாம்பூலம் கொடுக்கிறோமே, இது நியாயமா? பனையை வெட்டாதீர்கள், கொட்டான் வாங்குங்கள் என்று நான் போகிற மேடையெல்லாம் கேட்கிறேன்.

வாசலில் மேசை போட்டிருக்கிறோம். தை மாதம் வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் எத்தனை கொட்டான், என்ன அளவு என்று இன்றே எழுதிக் கொடுங்கள். பாதி முன்பணம் தந்தால் கொட்டான் பின்னும் பெண்கள் கடன் வாங்காமல் ஓலை வாங்குவார்கள்.