பாடம் நடத்துவதற்காகப் புத்தகத்தை நகலெடுக்கலாமா?

கல்லூரி விரிவுரையாளர் ஒருவர் அனுப்பிய கேள்வியை இப்போது எடுத்துக்கொள்கிறேன். அவர் பொருளாதாரம் நடத்துகிறார். பாடத்திட்டத்திலுள்ள வெளிநாட்டு நூல் ஒன்றை விலை கொடுத்து வாங்க மாணவர்களால் இயலாததால், அதன் 3 அத்தியாயங்களை ஜெராக்ஸ் கடையில் நகலெடுத்து வகுப்பிலுள்ள 40 பேருக்கும் கொடுத்திருக்கிறார். நூலின் தொடக்கத்தில் ‘எந்தப் பகுதியையும் நகலெடுக்கக் கூடாது’ என்று அச்சிட்டிருப்பதைக் காட்டிய சக ஆசிரியர், நூலில் 10 சதவீதத்தைத் தாண்டினாலே குற்றம் என்று எச்சரித்தாராம். அது சரியா என்பதே கேள்வி.

ஐயா, நீங்கள் செய்ததில் குற்றமில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, எவையெல்லாம் உரிமை மீறல் ஆகா என்று வரிசையாகச் சொல்கிறது. ஆசிரியரோ மாணவரோ பாடம் கற்பிக்கும் போக்கில் ஒரு படைப்பை நகலெடுப்பதும், தேர்வு வினாத்தாளில் அதை எடுத்தாள்வதும் அந்த வரிசையில் உள்ளன. சட்டமே கொடுத்திருக்கும் இந்த அனுமதியைப் பதிப்பகம் தன் நூலில் அச்சிடும் ஒரு வரியால் பறித்துவிட முடியாது. 10 சதவீதம் என்ற கணக்கு ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் சட்டத்தில் உண்டு. நம் சட்டத்தில் கற்பித்தலுக்கு அப்படியோர் எண் இல்லை.

இதைத் தெளிவாக்கியது தில்லிப் பல்கலைக்கழக வழக்கு. தில்லிப் பொருளியல் பள்ளி வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடை, ஆசிரியர்கள் தேர்ந்தெடுத்துக் கொடுத்த அத்தியாயங்களைத் தொகுத்து, பக்கத்துக்கு 40 காசு வாங்கிக்கொண்டு மாணவர்களுக்குக் கொடுத்துவந்தது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் ஆகிய பதிப்பகங்கள் 2012இல் அந்தக் கடையின் மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குத் தொடுத்தன. மாணவர்களும் ஆசிரியர்களும் சங்கமாகத் திரண்டு வழக்கில் தங்களையும் தரப்பாகச் சேர்த்துக்கொண்டார்கள். வழக்கின் போக்கில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். 2016 செப்டம்பரில் தில்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ராஜீவ் சகாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டில், அதே ஆண்டு டிசம்பரில், இரு நீதிபதிகள் அமர்வு அந்தச் சட்ட விளக்கத்தைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டது: கற்பித்தல் என்பது வகுப்பறைக்குள் பேசும் ஒரு மணி நேரம் மட்டுமன்று, அதற்கு முன்னும் பின்னும் நடக்கும் படிப்பும் அதில் அடங்கும், கற்பித்தலுக்கு எவ்வளவு தேவையோ அதுவே அளவு, பக்க எண்ணிக்கை அளவன்று. நகலெடுக்கும் வேலையை ஆசிரியருக்காக ஒரு கடை செய்து கொடுப்பதாலும் சட்டத்தின் அனுமதி போய்விடாது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொகுப்பிலிருந்த ஒவ்வொரு பகுதியும் உண்மையிலேயே பாடத்துக்குத் தேவைதானா, முழு நூல்களையே நகலெடுத்திருந்தால் அது பொருந்துமா என்பவற்றைச் சாட்சியங்களைக் கொண்டு விசாரிக்க வேண்டும் என்று அமர்வு வழக்கை மீண்டும் கீழே அனுப்பியது. அந்த விசாரணை நடப்பதற்குள், 2017இல், பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. ஆகவே அட்டை முதல் அட்டை வரை நகலெடுக்கலாம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தமிழ் நூல்களைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். சிறிய பதிப்பாளர் ஒருவர் சில நூறு பிரதிகள் அச்சிட்டு, கடையில் கிடைக்கும் விலையில் விற்கும் ஒரு நூலை முழுதாக ஒளிவருடி டெலிகிராம் குழுவில் போடுவதைக் கல்வித் தொண்டு என்று நம் ஆசிரியர்களே சொல்லக் கேட்கும்போது மிகவும் வருத்தமாக இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும் இடத்தில் வைப்பது பாடம் நடத்தும் போக்கில் அடங்குவதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த நூலாசிரியர் அடுத்த நூலை எழுத வேண்டாமா? பாரதியின் படைப்புகளைப் போல நாட்டுடைமையானவற்றுக்கும், ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்தவற்றுக்கும் இந்தத் தடை கிடையாது. அவற்றை முழுதாகவே நகலெடுத்துக் கொடுங்கள்.

உங்கள் 3 அத்தியாயங்களைப் பொறுத்தவரை, நகலின் முதல் பக்கத்தில் நூலின் பெயர், ஆசிரியர் பெயர், பதிப்பு ஆண்டு ஆகியவற்றை எழுதிவையுங்கள். அவை எந்தப் பாடத்துக்கு வேண்டியவை என்பதைப் பாடத்திட்டக் குறிப்பிலும் காட்டிவிடுங்கள். கூடுதல் பிரதிகள் போட்டு வெளியாட்களுக்கு விற்க வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லிவையுங்கள்.