தண்ணீர்க் குழாய் பக்கத்தில் நின்ற பையன்

வணக்கம் நேயர்களே. வீட்டில் பசியாறிக்கொண்டே கேட்பவர்கள், பினாங்குப் பாலத்தில் நெரிசலில் நின்றபடி கேட்பவர்கள், பிள்ளைகளைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருப்பவர்கள் எல்லாருக்கும் என் அன்பு. நான் பிறைப் பக்கத்தில் ஓர் இடைநிலைப்பள்ளியில் பல வருடம் ஆலோசக ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பள்ளியில் பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் பழக நாம் என்ன ஏற்பாடு செய்யலாம் என்று பேச என்னை அழைத்திருக்கிறார்கள். எனக்கு இந்த விஷயம் என்றாலே ஒரு பையன்தான் கண்ணுக்குள் வந்து நிற்பான், அதனால் அவனிடமிருந்தே தொடங்குகிறேன்.

படிவம் ஒன்று, அதாவது இடைநிலைப்பள்ளியின் முதல் வருட மாணவன். ஓய்வு நேரம் ஆனால் கென்டீனுக்குப் பக்கத்தில் இருக்கும் தண்ணீர்க் குழாயடியில் நிற்பான். போத்தலை நிரப்புவான், இரண்டு வாய் குடிப்பான், மீதியைக் கொட்டுவான், மறுபடி நிரப்புவான். இருபது நிமிடமும் இதேதான். நான் ஒரு நாள் போய், "ஏன்யா இங்கேயே நிக்கிற?" என்று கேட்டேன். "தண்ணி குடிக்க வந்தேன் டீச்சர்" என்றான். கையில் ஒரு வேலை இருந்தால், தனியாக நிற்பது மற்றவர்களுக்குத் தெரியாது இல்லையா? பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை தன் தனிமையை மறைக்கத் தானே கண்டுபிடித்த வழி அது.

அவன் ஒரு சின்னத் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவன். ஆறாம் ஆண்டில் அவன் வகுப்பில் மொத்தமே ஒன்பது பேர். நம் மலேசியாவில் ஐநூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன, அவற்றில் நிறைய 150 பேருக்கும் குறைவான பிள்ளைகள் படிக்கிற சிறிய பள்ளிகள். அங்கே ஒரு பிள்ளைக்கு நண்பனைத் தேட வேண்டிய அவசியமே வராது, ஆறு வருடமும் அதே முகங்கள், யார் வீட்டு நாய்க்கு என்ன பெயர் என்பது வரை தெரியும். அப்புறம் ஒரே நாளில் ஆயிரம் பேருக்கு மேல் படிக்கும் பள்ளிக்கு வருகிறான், பழைய கூட்டாளிகள் வேறு வேறு பள்ளிக்குப் போய்விட்டார்கள், பாடம் எல்லாம் மலாயில், வாயைத் திறந்தால் தப்பாகிவிடுமோ என்ற பயம். பேசத் தெரியாத பிள்ளை என்று அவனைச் சொல்லக்கூடாது. பேசுவதற்கு அவனுக்கு அங்கே ஒரு காரணம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

முதலில் நான் செய்தது தவறு. இரண்டு மாணவர் தலைவர்களைக் கூப்பிட்டு, "இவனோடு கொஞ்சம் பழகுங்கள்" என்றேன். அவர்களும் நல்ல பிள்ளைகள்தான், இரண்டு நாள் அவன் இரு பக்கமும் வந்து நின்றார்கள். மூன்றாம் நாள் அவர்களையும் காணோம், இவனையும் காணோம். கழிப்பறையில் போய் உட்கார்ந்திருந்தான். நான் அவனுக்குத் துணை தேடிக் கொடுத்ததாக நினைத்தேன், அவனுக்கோ தன்னைப் பள்ளிக்கே காட்டிக் கொடுத்தது போல ஆகிவிட்டது. "போய்ப் பழகு" என்று ஒரு பிள்ளையிடம் சொல்வதும் "போய்த் தூங்கு" என்று தூக்கம் வராதவனிடம் சொல்வதும் ஒன்றுதான் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு நான் பிள்ளைகளை விட்டுவிட்டுப் பள்ளியைப் பார்க்கத் தொடங்கினேன். எந்த இடத்தில் உட்கார வைக்கிறோம், எவ்வளவு நேரம் கொடுக்கிறோம், சேர்ந்து செய்ய என்ன வேலை கொடுக்கிறோம்?

நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓய்வு நேரம் இருபது நிமிடம் என்றால் நாசி லெமாக் வாங்க வரிசையில் நிற்பதிலேயே பாதி போய்விடும், மீதியில் விழுங்கிவிட்டு ஓட வேண்டும். இதில் புதிதாக ஒருவனோடு எங்கே பேசுவது? ஏற்கனவே நண்பன் இருப்பவனுக்கே அந்த நேரம் போதாது. எங்கள் பள்ளியில் முந்தைய நாளே சாப்பாட்டுக்குப் பெயர் கொடுக்கும் முறையைக் கீழ்ப் படிவங்களுக்கு மட்டும் கொண்டு வந்தோம், வரிசை குறைந்தது, நாலைந்து நிமிடம் மிச்சமானது. சின்ன விஷயம்தான், ஆனால் அந்த நாலைந்து நிமிடத்தில்தான் பிள்ளைகள் ஒருவர் தட்டை ஒருவர் எட்டிப் பார்த்துப் பேசுகிறார்கள்.

இடம் என்பது இன்னும் சுவாரஸ்யமானது. 1950களில் கனடாவின் சஸ்காச்சுவான் மாநிலத்தில் ஒரு மருத்துவமனையில், வயதான பெண்கள் இருந்த வார்டு ஒன்றை அழகாகப் புதுப்பித்திருந்தார்கள். புது நாற்காலி, புது வர்ணம், எல்லாம் இருந்தும் யாரும் யாரோடும் பேசவில்லை. ராபர்ட் சோமர் என்ற உளவியலாளர் போய்ப் பார்த்தால், நாற்காலிகள் எல்லாம் சுவரோரம் வரிசையாகப் போட்டிருக்கின்றன, பக்கத்தில் இருப்பவரோடு பேசக் கழுத்தைத் திருப்ப வேண்டும், எதிரே இருப்பவரோடு பேசக் கத்த வேண்டும். அவர் நாற்காலிகளைச் சின்னச் சின்ன மேசைகளைச் சுற்றிப் போட வைத்தார். முதலில் யாருக்கும் பிடிக்கவில்லை. சில வாரங்கள் கழித்து எண்ணிப் பார்த்தபோது உரையாடல் ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தது. அந்தப் பாட்டிகளின் குணம் மாறவில்லை, நாற்காலிதான் மாறியது.

இப்போது நம் பள்ளியில் படிவம் ஒன்று அறிமுக வாரத்தை நினைத்துப் பாருங்கள். மூன்று நாள் மண்டபத்தில் உட்கார வைத்து உரை மேல் உரை. எல்லாரும் மேடையையே பார்க்கிறார்கள், பின்னாலிருந்து பார்த்தால் தலைகள் மட்டும்தான். அந்த வாரம் முடியும்போது பிள்ளைக்குத் தலைமையாசிரியரின் பெயர் தெரியும், பக்கத்தில் உட்கார்ந்தவனின் பெயர் தெரியாது. இதைப் பள்ளிகள் மாற்றியே ஆக வேண்டும், இதற்குக் காசு கூடத் தேவையில்லை. பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் பிஆர்எஸ் என்னும் சக மாணவர் வழிகாட்டிக் குழுவிலிருந்து ஓர் அண்ணனையோ அக்காவையோ கொடுத்து, பள்ளியின் வரைபடத்தை அவர்களே நடந்து பார்த்து வரையச் சொல்லுங்கள். மூன்று நாளில் அவர்களுக்குக் கழிப்பறை எங்கே என்பதும் தெரிந்துவிடும், ஒருவரை ஒருவருக்கும் தெரிந்துவிடும்.

சரி, யார் தனியாக இருக்கிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? குழாயடியில் நிற்பவன் கண்ணில் படுவான், மற்றவர்கள் படமாட்டார்கள். ஜேக்கப் மொரேனோ என்ற மனநல மருத்துவர் 1930களிலேயே இதற்கு ஒரு வழி சொன்னார், அதை நான் வருடா வருடம் செய்தேன். "குழு வேலையில் யாரோடு சேர விரும்புகிறாய், மூன்று பெயர் எழுது" என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு துண்டுத் தாள் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். அப்புறம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பெரிய தாளில் பெயர்களை எழுதி, யார் யாரைக் கேட்டிருக்கிறார்கள் என்று அம்புக்குறி போட வேண்டும். ஒரே ஒரு அம்பு கூட வராத பெயர்கள் சில இருக்கும். ஒரு வருடம் எனக்கு அதிர்ச்சியாகப் போனது: வகுப்பையே சிரிக்க வைக்கும், எந்நேரமும் நாலு பேருக்கு நடுவில் நிற்கும் ஒரு பெண், அவளை யாருமே எழுதவில்லை. அவள் சிரிக்க வைத்ததெல்லாம் எதற்காக என்று அன்றிரவு நினைத்து எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆசிரியர்களுக்கு ஒரு எச்சரிக்கை: யாரைப் பிடிக்காது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அந்தத் தாள் வேறு யார் கையிலும் போகக்கூடாது, போனால் நாமே பிள்ளைக்குக் காயம் உண்டாக்கியவர்கள் ஆவோம்.

இனி வேலை. இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்பது என் கருத்து. 1971-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஆஸ்டின் நகரத்துப் பள்ளிகளில் வெள்ளைப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளும் முதல் முறையாக ஒரே வகுப்பில் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்ததும் சண்டை. எலியட் ஆரன்சன் என்ற பேராசிரியரைக் கூப்பிட்டார்கள். அவர் வகுப்பில் உட்கார்ந்து கவனித்தார். ஆசிரியர் கேள்வி கேட்கிறார், பத்துக் கை உயர்கிறது, ஒருவன் தப்பாகச் சொன்னால் மற்ற ஒன்பது பேருக்கும் சந்தோஷம். இப்படி அமைத்த வகுப்பில் நட்பு எப்படி வரும்? அவர் பாடத்தை ஐந்தாறு துண்டாக வெட்டினார், குழுவில் ஆளுக்கொரு துண்டு. தன் துண்டைப் படித்து மற்றவர்களுக்குச் சொல்லித் தர வேண்டும், கடைசியில் முழுப் பாடத்திலும் எல்லாருக்கும் சோதனை. ஒரு குழுவில் ஒரு பையனுக்கு ஆங்கிலம் தட்டுத் தடுமாறித்தான் வரும், அவன் திக்கும்போது மற்றவர்கள் கேலி செய்தார்கள். மேற்பார்வை செய்தவர் திட்டவில்லை. கேலி செய்வதென்றால் செய்யுங்கள், ஆனால் அவனிடம் இருக்கும் பகுதி உங்களுக்குத் தெரியாமல் போகும், சோதனை இன்னும் கொஞ்ச நேரத்தில், அவ்வளவுதான் சொன்னார். அப்புறம் அவர்கள் அவனிடம் கேள்வி கேட்கப் பழகினார்கள், நல்ல கேள்வி கேட்டால் அவனுக்கு நன்றாகவே சொல்ல வந்தது. சில வாரங்களில் பிள்ளைகளுக்குள் பிரியம் கூடியது, சிறுபான்மைப் பிள்ளைகளின் தேர்வுப் புள்ளியும் உயர்ந்தது.

இந்த ஆங்கிலம் தடுமாறிய பையனைப் பற்றிப் படித்தபோது நான் நம் பிள்ளைகளைத்தான் நினைத்தேன், மலாய் தடுமாறும் நம் பிள்ளைகளை. எங்கள் பள்ளியில் வரலாறு ஆசிரியர் ஒருவர் படிவம் இரண்டில் மலாக்கா சுல்தானகப் பாடத்தை இப்படிப் பிரித்தார். பரமேஸ்வரா மலாக்காவை நிறுவியது ஒரு துண்டு, ஆட்சி முறை ஒரு துண்டு, இஸ்லாம் பரவியது ஒரு துண்டு, 1511-இல் போர்த்துகீசியர் பிடித்தது ஒரு துண்டு, துறைமுகமும் அதன் நான்கு ஷாபண்டார்களும் ஒரு துண்டு. ஷாபண்டார் என்றால் துறைமுக அதிகாரி, ஒவ்வொருவரும் குறிப்பிட்ட பகுதி வணிகர்களைப் பார்த்துக்கொள்வார், நம் சோழமண்டலக் கரை வணிகர்களுக்கும் அங்கே ஒருவர் பொறுப்பு. அந்தத் துண்டை அவர் வாயே திறக்காத ஒரு தமிழ்ப் பெண்ணிடம் கொடுத்தார். அவள் பாதி மலாயிலும் பாதி கையசைவிலும் சொன்னாள், சீனப் பிள்ளை ஒருத்தி எழுதிக்கொண்டே, "அப்போ உங்க ஆளுங்க கப்பல்ல வந்தாங்களா?" என்று மலாயில் கேட்டாள். இருவருக்கும் நடுவில் வந்த முதல் கேள்வி அதுதான்.

நம் பள்ளிகளில் ஒற்றுமைக்கு முயற்சியே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ரிமுப் என்ற மாணவர் ஒருமைப்பாட்டுத் திட்டம் பல வருடமாக இருக்கிறது. சுபாங் ஜெயா யூஎஸ்ஜே 15-இல் தேசியப் பள்ளி, சீனப்பள்ளி, தமிழ்ப்பள்ளி மூன்றும் ஒரே வளாகத்தில் வாவாசான் பள்ளியாக இருக்கின்றன, மண்டபமும் கென்டீனும் திடலும் பொது. நல்ல எண்ணம். இப்படிப்பட்ட ஏற்பாடு எங்கே பேசப்பட்டாலும் நான் கேட்பது, மூன்று பள்ளிக்கும் ஓய்வு மணி ஒரே நேரத்தில் அடிக்குமா என்பதைத்தான். ஒற்றுமை விழா என்று நடத்துகிறோம், நம் பிள்ளைகள் ஒரு அறையில் பரதம் பழகுகிறார்கள், சீனப் பிள்ளைகள் இன்னோர் அறையில் சிங்க நடனம், மலாய்ப் பிள்ளைகள் வேறோர் அறையில் சாப்பின். மேடையில் மாறி மாறி ஆடிவிட்டு அவரவர் வேனில் ஏறிப் போய்விடுகிறார்கள். அதைவிட ஐந்து பேர் கலந்த ஒரு குழுவிடம் ஒரு கடையைக் கொடுத்து, என்ன விற்பது, சாமான் எங்கே வாங்குவது, கணக்கு யார் எழுதுவது என்று அவர்களையே முடிவு செய்ய விட்டால், சண்டை போட்டாவது பேசுவார்கள்.

விளையாட்டும் அப்படித்தான். பாட்டி ஆடிய பல்லாங்குழியும் மலாய்க்காரர்களின் சோங்காக்கும் ஒரே குடும்பம், அஞ்சாங்கல்லும் அவர்களுடைய பத்து செரெம்பானும் அப்படியே. ஆனால் சோங்காக் பலகையின் இரண்டு முனையிலும் 'ரூமா' என்று ஒரு பெரிய குழி இருக்கும், பாட்டியின் பலகையில் அது இல்லை. நூலக வாசலில் ஒரு பலகையை வைத்தால் போதும், எங்கள் விதி இது, உங்கள் விதி எது என்ற வாக்குவாதத்திலேயே ஓய்வு நேரம் ஓடிவிடும்.

ஒன்று சொல்லியாக வேண்டும். தனியாக இருக்கும் எல்லாப் பிள்ளையும் தனித்து விடப்பட்ட பிள்ளை இல்லை. சிலருக்கு ஒரு புத்தகமும் ஒரு மூலையும் போதும், வீடு திரும்பும்போது முகம் தெளிவாக இருக்கும். அவர்களை இழுத்து வந்து கூட்டத்தில் தள்ளாதீர்கள். பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: "உனக்கு பிரண்ட்ஸ் இருக்காங்களா?" என்று கேட்டால், இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டுப் பிள்ளை பொய் சொல்லும். "இன்னிக்கு யாரோட சேர்ந்து என்ன செஞ்ச?" என்று கேளுங்கள். பெயர் வருகிறதா, ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறதா, எந்தப் பெயரும் வரவில்லையா என்று காது கொடுத்தாலே போதும், உங்களுக்கே புரிந்துவிடும். நான்கு வாரமாக ஒரு பெயரும் வரவில்லை என்றால் ஆலோசக ஆசிரியரை வந்து பாருங்கள், தொந்தரவு என்று நாங்கள் நினைக்கமாட்டோம்.

குழாயடிப் பையனுக்கு வருகிறேன். பள்ளிக்கூடக் கட்டடத்துக்குப் பின்னால் மிளகாய், பண்டான், கருவேப்பிலை என்று ஒரு சின்னத் தோட்டம் வாடிப்போய்க் கிடந்தது. குழாய் ஒரு பக்கம், தோட்டம் மூலை திரும்பி மறுபக்கம். ஒருவன் குழாயைத் திறக்க வேண்டும், இன்னொருவன் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு செடிக்குப் போக வேண்டும், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது, தனியாளாக இந்த வேலையைச் செய்யவே முடியாது. அம்பு வராத பெயர்களில் இன்னொன்று ஒரு மலாய்ப் பையனுடையது, கிளந்தான் மாநிலத்திலிருந்து அப்பாவின் வேலை மாற்றத்தில் வந்தவன். இரண்டு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று மட்டும் சொன்னேன், நட்பைப் பற்றி வாயே திறக்கவில்லை. நம் பையன் எப்படியும் குழாயடியில்தானே நிற்கிறான்.

முதல் வாரம் முழுக்க அவர்களுக்குள் இரண்டே மலாய் வார்த்தைதான், திற, மூடு. மூலைக்கு அந்தப் பக்கமிருந்து "பூக்கா!" என்று ஒரு சத்தம், தண்ணீர் பாயும். கொஞ்ச நேரம் கழித்து "தூத்துப்!" நின்றுவிடும். இரண்டாம் வாரம் வேண்டுமென்றே சீக்கிரம் திறந்துவிட்டு ஒருவன் நனைந்து, சத்தமும் சிரிப்பும் ஆசிரியர் அறை வரை கேட்டது. மூன்றாம் வாரம் ஒரு நாள் மணி அடித்து வெகுநேரம் ஆகியும் இருவரும் வகுப்புக்குப் போகவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள், போய்ப் பார்த்தேன். குழாய் மூடியிருந்தது, இரண்டு பேரும் ஈரச் சட்டையோடு மிளகாய்ச் செடிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து எதையோ பேசிக்கொண்டிருந்தார்கள், நான் வந்ததைக் கூடக் கவனிக்கவில்லை.