காது காய்ந்தது மருந்தாலா, மழை விட்டதாலா?

விளக்க வீடியோ: பின்னணிக் குரலின் எழுத்து வடிவம்

[திரையில்: மழை. நிறைந்து ஓடும் சானல் (பாசனக் கால்வாய்). பாலத்திலிருந்து குதித்துக் குளிக்கும் பையன்கள்.]

குரல்:
கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. குளம், சானல், ஆறு, கடல் என்று குளிக்க இடத்துக்குப் பஞ்சமில்லை. செவிப்பறையில் ஓட்டை உள்ளவருக்கு இந்தத் தண்ணீர்தான் தொல்லை. வெளியே இருக்கிற தண்ணீர் ஓட்டை வழியாக நடுக்காதுக்குள் போகும், அங்கே கிருமி பெருகும், சீழ் வடியும்.

[திரையில்: ஆரம்ப சுகாதார நிலையம். செவிலியரும் ஒரு தாயும். முகங்கள் தெரியவில்லை.]

செவிலியர்: அக்கா, மோனுக்கு செவி எத்தன நாளா ஒழுகுது?
தாய்: அது சின்னதிலயே உண்டு சிஸ்டரே. மழ வந்தா ஒழுகும், வெயில் வந்தா தானா நின்னிரும்.

குரல்:
"தானா நின்னிரும்" என்று அந்த அம்மா சொன்னாரே, காது ஆராய்ச்சி செய்கிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது அதைத்தான். ஜூலை மழையில் 50 பேருக்கு ஒரு புதிய சொட்டு மருந்து கொடுத்து, அக்டோபர் மழைக்கு முன்னால் ஒரு வெயில் வாரத்தில் திரும்பப் பார்த்தால், பாதிப் பேருக்கு மேல் காது காய்ந்திருக்கலாம். அந்தப் பெருமை மருந்துக்கா, வெயிலுக்கா? ஒரே குழுவை மட்டும் வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல வழியே இல்லை. அதே நாட்களில், அதே மழையில், வேறு சிகிச்சை பெறும் இன்னொரு குழு பக்கத்திலேயே இருந்தாக வேண்டும்.

இந்த வீடியோவில் அப்படி ஓர் ஆய்வைக் காகிதத்தில் போட்டுப் பார்ப்போம். இது நடந்து முடிந்த ஆய்வு அல்ல. நடத்த நினைக்கிற முதுநிலை மாணவர்களுக்கும், நாளை "இந்த ஆய்வில் சேருகிறீர்களா" என்று யாராவது கேட்டால் யோசிக்க வேண்டிய வீட்டாருக்கும் ஒரு மாதிரி.

[திரையில் எழுத்து: கேள்வி]

நம் கேள்வி இதுதான். நாள்பட்ட காது சீழுக்கு 0.3 சதவீத சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் சொட்டு மட்டும் போதுமா? அல்லது ஒவ்வொரு முறையும் சொட்டு விடுவதற்கு முன் வீட்டிலேயே திரி வைத்துக் காதைத் துடைத்தால் காது அதிகம் பேருக்குக் காய்கிறதா?

இரண்டு குழுவுக்கும் மருந்து உண்டு. சீழ் வடியும் குழந்தையை மருந்தே இல்லாமல் விட்டு வேடிக்கை பார்க்கும் ஆய்வுக்கு எந்த நெறிமுறைக் குழுவும் சம்மதிக்காது, சம்மதிக்கவும் கூடாது.

யாரைச் சேர்ப்பது? குறைந்தது 2 வாரமாகச் சீழ் வடிந்திருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் நாள்பட்டது என்று எடுத்துக்கொள்ளும் அளவு இது. செவிப்பறையின் இறுக்கமான பகுதியில் ஓட்டை கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதைவிட முக்கியம், யாரைச் சேர்க்கக் கூடாது என்பது. செவிப்பறையின் மேல்மூலையில் உள்வாங்கிய பை, அதில் வெண்மையான செதில், அளவில் குறைவாகவும் கெட்ட நாற்றத்தோடும் வடியும் சீழ் என்று பார்த்தால் அது கொலஸ்டியடோமாவாக இருக்கலாம். எலும்பை அரிக்கும் நோய் அது. எந்தச் சொட்டுக்கும் மசியாது, அறுவை சிகிச்சைதான் வேண்டும். அப்படிப்பட்ட சிலர் ஒரு குழுவில் தெரியாமல் நுழைந்துவிட்டால், நல்ல மருந்தும் தோற்றதுபோல் தெரியும். காதுக்குப் பின்னால் வீக்கம், முகம் ஒரு பக்கம் கோணுதல், தலைசுற்றல், காய்ச்சலோடு கடும் தலைவலி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் ஆய்வு வேண்டாம். உடனே பெரிய ஆஸ்பத்திரி.

[திரையில்: மேசைமேல் பஞ்சு, மெல்லிய துணி, 5 மி.லி. சொட்டு மருந்துக் குப்பி.]

இனி கைவேலை. சுத்தமான, தண்ணீர் உறிஞ்சும் பருத்தித் துணியையோ உறுதியான டிஷ்யூ தாளையோ முனை கூராக வரும்படி முறுக்க வேண்டும். குச்சி எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. ஊக்கு, தீக்குச்சி, கோழி இறகு பேச்சே வேண்டாம். பெரியவர்களுக்குக் காது மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்து, திரியை மெதுவாக உள்ளே வைத்து, நனைந்ததும் எடுத்துவிட்டுப் புதிய திரி. திரி காய்ந்து வெளியே வரும்வரை இதே வேலை. தினம் 3 வேளை.

பிறகு சொட்டு. குப்பியை உள்ளங்கையில் சில நிமிடம் பொத்தி வைத்து உடல் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். குளிர்ந்த சொட்டு உள்காதின் அரைவட்டக் குழலைக் குளிரவைத்து, தலை கிறுகிறுவென்று சுற்றும். மறுநாள் அந்த ஆள் மருந்தைத் தொடமாட்டார். ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி 4 சொட்டு. பின் காதுத் துளைக்கு முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் குருத்தெலும்பை விரலால் நாலைந்து முறை அமுக்கி விட வேண்டும். அந்த அழுத்தத்தில்தான் மருந்து ஓட்டையைத் தாண்டி நடுக்காதுக்குள் இறங்கும். 5 நிமிடம் அப்படியே படுக்கை.

இப்போது கணக்கு. வேளைக்கு 4 சொட்டு, தினம் 12, 14 நாளுக்கு 168 சொட்டு. ஒரு மி.லி.க்குச் சுமார் 20 சொட்டு என்றால் 8.4 மி.லி. மருந்து வேண்டும். 5 மி.லி. குப்பி ஒன்றைக் கையில் கொடுத்து "ரெண்டு வாரம் விடுங்க" என்று அனுப்பினால் ஒன்பதாம் நாள் காலையிலேயே குப்பி காலி. இது சின்ன விஷயம் அல்ல. "மருந்து கேட்கவில்லை" என்று எழுதப்படும் எத்தனையோ கேஸ்களில் மருந்தே தீர்ந்துபோயிருக்கும். ஆகவே ஒழுகும் காது ஒன்றுக்கு 2 குப்பி, கொடுக்கும்போது எடை, திரும்ப வாங்கும்போது எடை. "விட்டீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் விட்டேன் என்றுதான் சொல்வார்கள், தராசு அப்படிச் சொல்லாது.

[திரையில் எழுத்து: எத்தனை பேர்?]

சொட்டு மட்டும் விட்டால் 100-க்கு 60 பேருக்குக் காயும், திரியும் சேர்ந்தால் 80 பேருக்குக் காயும் என்று எதிர்பார்க்கிறோம் என்று வையுங்கள். வழக்கம்போல, இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு 5 சதவீதம், இருக்கிற வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு 80 சதவீதம் என்று போட்டால் குழுவுக்குச் சுமார் 80 பேர் வேண்டும். எதிர்பார்க்கும் வித்தியாசம் 70-க்கும் 80-க்கும் என்று பாதியாகக் குறைந்தால், குழுவுக்குச் சுமார் 290 பேர். வித்தியாசம் பாதியானால் ஆள் எண்ணிக்கை மும்மடங்குக்கும் மேல். முதுநிலை ஆய்வேட்டுக்கு ஒதுக்கிய காலத்தில் கைக்கு வந்த 30 பேரை இந்தப் பக்கம், 30 பேரை அந்தப் பக்கம் போட்டு "வித்தியாசம் இல்லை" என்று முடிக்கும் தாள்களை இந்தக் கணக்கோடு சேர்த்து வாசிக்க வேண்டும். அங்கே வித்தியாசம் இல்லாமல் போகவில்லை. கண்டுபிடிக்க ஆள் போதவில்லை.

அடுத்து, ஆளுக்கு இரண்டு காது. கேட்கச் சிரிப்பாக இருந்தாலும், காது ஆய்வுகள் அதிகம் சறுக்குவது இங்கேதான். 80 பேரில் 30 பேருக்கு இரண்டு காதும் ஒழுகினால் "110 காதுகள்" என்று எழுத ஆசை வரும். ஆனால் ஒரே பையனின் இரண்டு காதும் ஒரே சானலில்தான் முங்குகின்றன. ஒரே மூக்குச் சளி, ஒரே அம்மா விடும் சொட்டு. ஒன்று காய்ந்தால் மற்றதும் காய வாய்ப்பு அதிகம். அவற்றைத் தனித்தனி ஆட்களாக எண்ணினால் இல்லாத உறுதி முடிவில் ஏறிவிடும். எந்தக் காது கணக்கில் வரும் என்று சேர்க்கும்போதே குலுக்கிப் போட்டு எழுதி வைத்துவிடலாம். அல்லது இந்தப் பிணைப்பைக் கணக்கில் எடுக்கும் புள்ளியியல் முறையை முன்கூட்டியே தேர்ந்துகொள்ளலாம். சிகிச்சை என்னவோ இரண்டு காதுக்கும்தான்.

யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் கணினி வரிசை முடிவு செய்யும். வரிசையை வைத்திருப்பவரும் நோயாளியைச் சேர்ப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. உறையில் போட்டு ஒட்டினால், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலும் தெரியாதபடி உள்ளே அலுமினியத் தாள் வைக்க வேண்டும். "இந்த அம்மா பொறுமையானவர், திரி வைப்பார்" என்று நல்லெண்ணத்தில் உறையை மாற்றிக் கொடுத்தாலும் ஆய்வு கெட்டதுதான்.

திரி வைக்கிறவருக்குத் தான் திரி வைப்பது தெரியாமல் மறைக்க முடியாது. ஆனால் முடிவைப் பார்ப்பவரிடம் மறைக்கலாம். எண்டோஸ்கோப்பில் செவிப்பறையைப் படமெடுத்து, எந்தக் குழு என்று தெரியாத இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே பார்த்து "காய்ந்தது", "காயவில்லை" என்று குறிக்க வேண்டும். ஓட்டை வழியே தெரியும் சவ்வு ஈரமாக இருக்கிறது, சீழ் இல்லை. இது எதில் சேரும்? முதல் நோயாளி வருவதற்கு முன்பே இதை எழுதி வைக்காவிட்டால், கடைசியில் அவரவர் விருப்பத்துக்குச் சேரும்.

[திரையில்: துறைமுகம். கட்டிப்போட்ட விசைப்படகுகள். மாற்றுக் காட்சி: அதிகாலை, தலைவிளக்குடன் ரப்பர் பால் வெட்டும் ஒருவர்.]

ஆய்வு உண்மையில் உடைவது மறுபரிசோதனை நாளில்தான். 14-ஆம் நாளும் 28-ஆம் நாளும் வரச் சொல்கிறோம். தூத்தூர், வள்ளவிளை பக்கத்து ஆழ்கடல் மீனவர் ஒருமுறை போனால் வாரக்கணக்கில் கடலில் இருப்பார். ரப்பர் வெட்டுகிறவர் விடியுமுன் தோட்டத்துக்குப் போய், பால் எடுத்து முடித்து, பேச்சிப்பாறைப் பக்கமிருந்து பஸ் பிடித்து ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் ஓ.பி. முடிந்திருக்கும்.

சரி, மீன்பிடித் தடைக்காலத்தில் நடத்தலாமே என்று தோன்றும். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் அடங்கிய மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. சின்னமுட்டம் மட்டும் கிழக்குக் கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஆட்கள் கரையில் கிடைப்பார்கள்தான். ஆனால் மேற்குக் கரையில் அந்த இரண்டு மாதமும் கொட்டும் மழை. ஈரத்தில் காதுக்குள் பூஞ்சை வேறு வரும்: நனைந்த செய்தித்தாள்போல ஒரு படலம், மேலே கருப்புப் புள்ளி, தாங்க முடியாத அரிப்பு. ஆன்டிபயாட்டிக் சொட்டை நீட்டித்துக்கொண்டே போனாலும் இதே பூஞ்சைக்கு வழி திறக்கும். மழைக்காலத்து ஆட்களை மட்டும் வைத்துக் கிடைத்த முடிவை மாசி மாதத்து நோயாளிக்கு அப்படியே பொருத்த முடியாது. எனவே வருடம் முழுக்க ஆள் சேர்ப்பதே மேல். சேர்க்கிற வரிசையை நாலு அல்லது ஆறு பேர் கொண்ட சிறு தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டு சிகிச்சையும் சமமாக வரும்படி வைத்தால், மழையும் வெயிலும் இரண்டு குழுவுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் விழும்.

மறுபரிசோதனைக்கு ஆளை வரவழைப்பதைவிட நாம் போவது நல்லது. ரப்பர் பகுதிக்குப் பிற்பகலில் துணை சுகாதார நிலையம். கடற்கரை ஊர்களில் ஞாயிறு பூசை முடிந்தபின் பங்குக் கோவில் மண்டபம். செலவு கூடும், ஆள் நிற்பார்கள்.

நிற்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு குழுவில் 50 பேர். 28-ஆம் நாள் வந்தவர் 40. காய்ந்தது 32 பேருக்கு. "80 சதவீத வெற்றி" என்று எழுதலாம். வராத 10 பேருக்கும் காயவில்லை என்று வைத்தால் 64 சதவீதம். எல்லோருக்கும் காய்ந்தது என்று வைத்தால் 84. காது சுகமானவருக்கு வர அவசியமில்லை. சுகமாகாதவர் வேறு டாக்டரிடம் போயிருப்பார். எது நடந்தது என்று வீட்டுக்குப் போய்ப் பார்க்காமல் தெரியாது. அதனால் மூன்று எண்களையும் எழுதுவதே நேர்மை. சேர்ந்த எல்லோரையும், முதலில் எந்தக் குழுவில் விழுந்தார்களோ அந்தக் குழுவிலேயே வைத்து எண்ணவும் வேண்டும். திரி வைக்காமல் விட்டவரைப் பாதியில் நீக்கிவிட்டு "திரி நல்லது" என்று சொல்லக் கூடாது.

[திரையில்: கேள்திறன் சோதனைக் கருவி, ஹெட்போன்.]

கேள்திறன் பற்றிச் சுருக்கமாக. 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் ஆகிய நாலு ஒலியிலும் கேட்கத் தொடங்கும் அளவின் சராசரியை எடுப்பது வழக்கம். மண்டபத்தில் மின்விசிறி ஓடினால் முதலில் அடிபடுவது 500 ஹெர்ட்ஸ்; நல்ல காதும் மந்தம்போல் பதிவாகும். இன்னொன்று, ஒரு காதுக்குக் கொடுக்கும் ஒலி சுமார் 40 டெசிபலைத் தாண்டினால் மண்டையோடு வழியாக மறுகாதுக்குப் போய்விடும். மறுகாதுக்கு இரைச்சல் கொடுத்து மறைக்காமல் சோதித்தால், செத்த காதுகூடக் கேட்பதாக வரைபடம் காட்டும். முகாமில் சீழை மட்டும் பாருங்கள். கேள்திறனை ஒலியடக்கிய அறையில் எடுங்கள்.

[திரையில்: ஒப்புதல் படிவம். வாசித்துக் காட்டும் பணியாளர்.]

இதெல்லாம் தொடங்குவதற்கு முன் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். இந்திய மருத்துவ ஆய்வுகளின் பொதுப் பதிவேடு 2007-இல் தொடங்கியது. 2018 ஏப்ரல் முதல், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே பதிவு செய்தால்தான் அங்கே இடம். எதை வெற்றி என்று எண்ணப்போகிறோம் என்பது அங்கே தேதியோடு இருக்கும். பின்னால் மாற்றினால் யாரும் கண்டுபிடிக்கலாம். 7 வயதைத் தாண்டிய பிள்ளைகள் என்றால் பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது. பிள்ளைக்குப் புரியும்படி சொல்லி அதன் சம்மதத்தையும் கேட்க வேண்டும்.

தாய்: பாதியில வேண்டாம்னு சொன்னா சொட்டு மருந்து நிறுத்திருவியளா சிஸ்டரே?
செவிலியர்: இல்லக்கா. எப்ப வேணும்னாலும் நிக்கலாம். மோனுக்கு உள்ள வைத்தியம் எப்பவும் போல நடக்கும். குளிக்கும்போ மட்டும் வாஸ்லின் தடவுன பஞ்சு செவியில வையுங்க. சானல்ல முங்க விடாதீங்க.
தாய்: பூண்டு காச்சின எண்ண விடலாமா?
செவிலியர்: விடாதீங்கக்கா. இப்பம் விட்டிருந்தா அதையும் சொல்லுங்க, இதுல எழுதணும்.

குரல்:
அந்தப் பதிலுக்கும் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. வீட்டில் என்ன ஊற்றினார்கள், எந்த நாளில் ஊற்றினார்கள் என்று அதில் குறிப்பார்கள். 28-ஆம் நாள் காது காய்ந்திருந்தாலும் செவிப்பறை ஓட்டை பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். அதை அடைக்கும் அறுவை சிகிச்சை தேவையா என்று காது நிபுணரிடம் அனுப்பும் சீட்டையும் அன்றைக்கே கையில் கொடுத்துவிடுவார்கள்.