கேட்கப் பழகும் பாடம்

நேயர்களுக்கு வணக்கம். கல்லூரியில் சமூகவியல் படித்தால் பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்று சேர்க்கை நாட்களில் பெற்றோர் கேட்பதுண்டு. வேலையை மனத்தில் வைத்துக் கேட்கிறார்கள்; அதில் தவறில்லை. குடிமைப் பணித் தேர்வு, ஆய்வு நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள் எனப் பாதைகள் உண்டு. ஆயினும், இப்பாடத்தைப் பல்லாண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில் நான் முதலில் சொல்ல விரும்புவது, மனிதர்களிடம் சரியாகக் கேள்வி கேட்கும் பயிற்சி இங்கே கிடைக்கிறது என்பதையே.

1916ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களைக் கொண்டு சிற்றூர்களில் நிலம், கூலி, கடன் ஆகியவற்றைப் பற்றி விசாரித்து எழுதச் செய்தார். இருவேல்பட்டு, கங்கைகொண்டான் முதலிய அவ்வூர்களுக்கு 1930களிலும் 1961இலும் பின்னரும் ஆய்வாளர்கள் திரும்பச் சென்றதால், அங்கே நிலவுடைமையும் விவசாயக் கூலிகளின் வாழ்வும் எவ்வாறு மாறின என்பதைத் தலைமுறைகள் தாண்டிப் பின்தொடர முடிகிறது. துறை வேறானாலும், என் களப்பணி வகுப்பை அந்த மாணவர்களிடமிருந்தே தொடங்குவேன்.

ஒருமுறை இரண்டாமாண்டு மாணவி ஒருவர் தம் ஊரிலேயே வினாப்பட்டியலுடன் வீடுவீடாகச் சென்றார். 'என்ன வேலை செய்கிறீர்கள்?' என்ற கேள்விக்குப் பெண்கள் பலரும் 'சும்மாதான் இருக்கேன்' என்றே பதில் சொன்னார்கள்; அவருடைய தாயாரும் அப்படியே சொன்னார். விடியுமுன் எழுந்து மாட்டைக் கவனித்து, சமைத்து, தண்ணீர் பிடித்து, மாமியாருக்கு மருந்து கொடுப்பவர் அவர். பதிலில் பிழையில்லை, நம் கேள்விதான் அந்த உழைப்பை வெளியே நிறுத்திவிட்டது என்று வகுப்பில் பேசினோம். 2019இல் நாடு முழுவதும் நடத்தப்பட்ட நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பையும் எடுத்துப் பார்த்தோம். ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுவதாக அது கூறுகிறது. இத்தகைய எண்களை மனப்பாடம் செய்து தேர்வெழுதிவிடலாம். தன் வீட்டு அடுப்படியில் அதே எண்ணைக் காண்பதுதான் கல்வி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அம்மாணவி அந்தக் கேள்வியை அடித்துவிட்டு, 'நேற்று எழுந்தது முதல் படுக்கும்வரை என்னென்ன செய்தீர்கள்?' என்று எழுதிக்கொண்டு அதே வீடுகளுக்கு மறுபடியும் போனார். தாயாரின் பதில் தாளில் விட்டிருந்த இடத்தில் அடங்காமல், பின்பக்கத்திலும் எழுத வேண்டியிருந்தது.