ரேடியோக் குரல் இருந்தால் நடிகராகிவிடலாமா?

தேவிபட்டினத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, என் குரல் ரேடியோக் குரல் என்று ஊரில் எல்லாரும் சொல்கிறார்கள். முதலில் அறிவிப்பாளராகி, அப்படியே சினிமாவுக்குப் போய்விடலாம் என்று இருக்கிறேன். பூர்ணம் விஸ்வநாதன் அப்படித்தானே வந்தார்?"

சரி, பூர்ணத்தையே எடுத்துக்கொள்வோம். 1947 ஆகஸ்ட் 15 காலையில், தில்லி வானொலியில் நாடு விடுதலை அடைந்த செய்தியைத் தமிழில் வாசித்தவர் அவர். 'வறுமையின் நிறம் சிவப்பு' படத்தில் கமலுக்கு அப்பாவாக வந்தது 1980-இல். அப்போது அவருக்கு வயது அறுபதை நெருங்கிவிட்டது. நடுவில் 33 வருடம் போயிருக்கிறது, தம்பி! அந்த 33 வருடத்தில் பெரும்பகுதி நாடகம். வேலை ஒரு பக்கம், ஒத்திகை ஒரு பக்கம். அப்புறம் 'பூர்ணம் நியூ தியேட்டர்' என்று சொந்தக் குழு, அதில் சுஜாதா எழுதிய நாடகங்கள். அவரைச் சினிமாவுக்குக் கொண்டுவந்தது நாடக மேடை என்பதுதான் என் கணக்கு. ரேடியோ அவருக்குச் சோறு போட்டது, உச்சரிப்பைக் கொடுத்தது.

நம் ராமநாதபுரம் கரையில் 'ரேடியோக் குரல்' என்றால் சிலோன் ரேடியோ என்றுதான் பொருள். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 29 கிலோமீட்டர். மத்திய அலை, அதாவது மீடியம் வேவ் ஒலிபரப்பு, உப்புத் தண்ணீர் மேல் அவ்வளவாக வலுவிழக்காமல் வரும். அதனால் மதுரை, சென்னையைவிடக் கொழும்புதான் நமக்குப் பக்கத்து வீடு. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது என்று கேட்டு வளர்ந்த காது இது. உங்களைப் பாராட்டுகிறவர்கள் அந்த அளவுகோலை வைத்துத்தான் பாராட்டுகிறார்கள். அதே ரேடியோ சிலோனில் இந்தி அறிவிப்பாளராக இருந்தவர்தான் இந்தி நடிகர் சுனில் தத். 1955-இல் முதல் படம், 1957-இல் 'மதர் இந்தியா'. ஆக, வழி இல்லை என்று நான் சொல்லவில்லை.

என் கதையைச் சொல்கிறேன். பகுதிநேர அறிவிப்பாளராகச் சில வருடம் ஓட்டிய தெம்பில், ஒரு குறும்படத் தேர்வுக்குப் போனேன். கடலுக்குப் போன அப்பா திரும்பவில்லை. மகன் வீட்டுக்குள் வந்து அம்மாவிடம், "அப்பா இன்னும் கரைக்கு வரலை" என்று சொல்லவேண்டும். ஒரே வரி. சொன்னேன். அந்த டைரக்டர் பையன் தலையைச் சொறிந்துகொண்டு, "அண்ணே, வானிலை அறிக்கை மாதிரி இருக்கு" என்றான். சுருக்கென்றது. ஆனால் அவன் சொன்னது சரி.

என்ன நடந்தது என்றால், தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. 'வந்தார்' என்பதா, 'வரவில்லை' என்பதா என்பது வாக்கியம் முடியும்போதுதான் தெரியும். அதனால் மைக் முன்னால் உட்காருகிறவனுக்கு முதல் பாடமே, வாக்கியத்தின் வாலை விழவிடாதே என்பதுதான். மூச்சை மிச்சம் வைத்துக் கடைசிச் சொல்லைத் தெளிவாக வைப்போம். 'ப' வரும்போது காற்று மைக்கில் மோதாமல் முகத்தைக் கொஞ்சம் சாய்ப்போம். தாள் சரசரக்கக் கூடாது என்று பின் அடிக்காமல் தனித்தனியாக வைத்துக்கொள்வோம். எல்லாம் கேட்கிறவருக்காக. ஆனால் வீட்டில் கெட்ட செய்தி சொல்கிறவன் அப்படியா சொல்கிறான்? 'அப்பா' என்பது வெளியே வரும், 'வரலை' தொண்டையிலேயே நின்றுவிடும். நான் அந்த 'வரலை'யைத்தான் மணி அடித்தமாதிரி வைத்தேன்.

'மகாநதி'யில் ஜெயில் காட்சிகளைப் போட்டுப் பாருங்கள். பூர்ணம் பேசுகிற ஒரு சொல்கூடத் தவறாது, ஆனால் எதுவும் அறிவிப்பாகக் கேட்காது. தெளிவை வைத்துக்கொண்டு அலங்காரத்தை மட்டும் கழற்றிவிட்டார். அதற்கு மேடை வேண்டியிருந்தது.

இன்றைக்கு மிர்ச்சி சிவா, ஆர்.ஜே. பாலாஜி எல்லாம் எஃப்எம்மிலிருந்து வந்தவர்கள்தானே என்பீர்கள். ஆமாம். ஆனால் அவர்கள் விற்றது குரலை அல்ல, வாய்ச் சாமர்த்தியத்தை. 'சென்னை 600028'-இல் சிவா நண்பர்களோடு அரட்டை அடிக்கிற மாதிரியே பேசுவார். அது வேறு சரக்கு. உங்களிடம் இருந்தால் தாராளமாக முயலுங்கள்.

இல்லையென்றால் ஒன்று செய்யுங்கள். பாம்பனில் 'கடல் ஓசை' சமுதாய வானொலி 2016-இலிருந்து மீனவர்களுக்காக நடக்கிறது. நேரில் போய் வாய்ப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். தற்காலிக அறிவிப்பாளர் வேலை என்றால் மாதத்தில் சில நாள் டூட்டிதான் கிடைக்கும், அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள். மீதி நாளில் ஏதாவது நாடகக் குழுவில் சேருங்கள், திருவிழா நாடகமானாலும் பரவாயில்லை.

அதற்கு முன்னால், நான் சொதப்பிய அந்த வரியைப் போனில் பதிவு செய்யுங்கள். முதலில் ரேடியோவில் சொல்கிற மாதிரி, அப்புறம் உங்கள் அம்மாவிடம் சொல்கிற மாதிரி. இரண்டையும் அனுப்புங்கள், கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.