தண்டவாளம் போட்டது யார் காசில்?

நடுவர் அவர்களே! "துணிந்து முதல் போட்டார்கள், கண்டத்தையே இணைத்தார்கள், அமெரிக்காவைக் கட்டியவர்கள் அந்த ரயில் முதலாளிகள்தான்" என்று எதிரணித் தலைவர் முழங்கிவிட்டுப் போயிருக்கிறார். முதல் போட்டது யார் என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

1862இல் அதிபர் லிங்கன் கையெழுத்திட்ட பசிபிக் ரயில்வே சட்டம், போடுகிற பாதைக்கு மைல் கணக்கில் அரசுக் கடன் பத்திரம் கொடுத்தது. சமவெளி என்றால் மைலுக்கு 16,000 டாலர். மலை என்றால் 48,000. மேற்கிலிருந்து பாதை போட்ட சென்ட்ரல் பசிபிக் கம்பெனிக்காரர்கள், கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ நகரிலிருந்து சுமார் 7 மைலில், ஆர்கேட் ஓடை அருகிலேயே சியரா நெவாடா மலை தொடங்கிவிடுகிறது என்று மாநில நிலவியலாளரிடம் சான்று வாங்கினார்கள். அங்கே மண் மாறுகிறது என்பதுதான் காரணம். ஏற்றமே இல்லாத தரைக்கு மூன்று மடங்குப் பணம், ஐயா!

எதிர்முனையில் கிழக்கிலிருந்து பாதை போட்ட யூனியன் பசிபிக் கம்பெனியின் கதை இன்னும் மோசம். அதன் துணைத் தலைவர் தாமஸ் டூரண்ட். பாதை போடும் கான்ட்ராக்ட் போய்ச் சேர்ந்த கிரெடிட் மொபிலியர் கம்பெனியிலும் அவரும் கூட்டாளிகளும்தான் பங்குதாரர்கள். வேலை கொடுப்பதும் அவர்கள், பில் போடுவதும் அவர்கள், அந்த பில்லை பாஸ் செய்வதும் அவர்கள். செலவை ஏற்றிக் காட்டக் காட்ட லாபம் கான்ட்ராக்ட் கம்பெனிக்கு. கடன் ரயில்வேயின் தலையில். யாரும் கேள்வி கேட்காமலிருக்க, ஓக்ஸ் ஏம்ஸ் என்ற, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர் சக உறுப்பினர்களுக்கு மலிவு விலையில் பங்கு விற்றார். 1872இல் பத்திரிகையில் வெளிவந்தது; 1873இல் சபை அவரைக் கண்டித்தது. அவ்வளவுதான் தண்டனை!

தொழிலாளி உயிரையாவது மதித்தார்களா? அன்று இரண்டு பெட்டிகளை இணைக்க, ஆள் நடுவில் நின்று இரும்பு வளையத்தைக் கையால் துளைக்குள் செலுத்தி, மேலிருந்து முளையைச் செருக வேண்டும். பெட்டி ஒரு நொடி முந்தி மோதினால் விரல் போகும். கால் தவறினால் உயிரே போகும். மோதினாலே தானாகப் பூட்டிக்கொள்ளும் இணைப்புக்கு ஈலை ஜேனி என்பவர் 1873இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். எல்லாக் கம்பெனிகளையும் தானியங்கி இணைப்புக்கு மாற வைக்க 1893இல் சட்டம் வர வேண்டியிருந்தது. பெட்டிகளை மாற்றச் செலவாகும். பெட்டி இணைக்கும் தொழிலாளியான பிரேக்மேன் போனால் வாசலில் இன்னொருவர் நிற்பார். இதுதான் அவர்கள் போட்ட கணக்கு.

"அப்படிச் செய்யாவிட்டால் பாதையே வந்திருக்காது" என்கிறார்கள். ஜேம்ஸ் ஹில்லைப் பாருங்கள். அவருடைய கிரேட் நார்தர்ன் ரயில்வே, மினசோட்டா மாநிலத்துக்கு மேற்கே கூட்டாட்சி அரசின் நிலக்கொடை இல்லாமலே பசிபிக் கரையை எட்டியது. மைல் கணக்கில் மானியம் இல்லாததால் பாதையை நீட்டி அவருக்கு லாபமில்லை. ஏற்றமும் வளைவும் குறைந்த வழியைத் தேடினார். 1893 பொருளாதார நெருக்கடியில் யூனியன் பசிபிக் திவாலாகி நீதிமன்றப் பொறுப்புக்குப் போனது. ஹில்லின் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. எதிரணியினர் இதற்குப் பதில் சொல்லட்டும், நடுவர் அவர்களே!